நெய் படாத மாவு

கம்மாபுரம்
18.8.2024

அன்பு மருமகள் துர்காவுக்கு,

அத்தை எழுதுகிறேன். இங்கே எல்லோரும் இருக்கிறோம். சௌக்கியம் என்று எழுத வரவில்லை, இருக்கிறோம்.

போன் போடாமல் ஏன் கடுதாசி என்று நினைப்பாய். போனில் நான் நாலு வார்த்தை பேசினால் நீ "சரிங்க அத்தை" என்று முடித்துவிடுகிறாய். என் மகன் கொளஞ்சி பக்கத்தில் இருந்தால் எனக்கும் பேச்சு வராது. பெண்டாட்டி பேரை எடுத்தாலே அவனுக்கு மூஞ்சி மாறிப்போகிறது. அதனால் கலியமூர்த்தியிடம் இந்த டப்பாவைக் கொடுத்து அனுப்புகிறேன். அவன் ஞாயிற்றுக்கிழமைதோறும் தவிடு, புண்ணாக்கு ஏற்றிக்கொண்டு வர விருத்தாசலத்துக்குக் குட்டியானை வண்டி எடுத்து வருகிறான். நீயும் பதில் எழுதிக் காலி டப்பாவில் போட்டு அனுப்பு.

நீ வீட்டை விட்டுப் போய் சிராமிக் கம்பெனியில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. பஸ்ஸ்டாண்டில் உன்னைப் பார்த்தவர்கள், "ஒன் மருமவ காத்தடிச்சா பறந்துடுவா போல இருக்குது" என்று சொன்னார்கள். பால் விற்கிற வீட்டு மருமகளுக்கு இந்தப் பேச்சு. எனக்குத்தான் தலைகுனிவு.

டாக்டரம்மா சொன்னது எனக்கும் நினைவிருக்கிறது. நாற்பத்தைந்து கிலோ வந்த பிறகுதான் அடுத்த பிள்ளையைப் பற்றி யோசிக்க வேண்டும் என்றார். உன் புருஷன் போட்ட பந்தயமும் நினைவிருக்கிறது. "தைக்குள்ள பால் இல்லாம நாப்பத்தஞ்சு வந்துட்டா, இனிமே நான் அதப்பத்தி வாயே தொறக்க மாட்டேன், நானே போயி கூட்டியாறேன். வரலன்னா அவ பால் குடிச்சிதான் ஆவணும்" என்றான். நீயும் சரி என்று கிளம்பிவிட்டாய். ரெண்டு பேரும் வீம்புக்குப் பிறந்தவர்கள். நடுவில் மாட்டிக்கொண்டது நான்.

டப்பாவில் சத்துமாவு இருக்கிறது. கேழ்வரகு, கம்பு, கறுப்பு உளுந்து, பொட்டுக்கடலை, நம் கொல்லை மல்லாட்டை, கொஞ்சம் முந்திரி. பால் பவுடர் இல்லை, நெய் படவில்லை. நம்பிக் குடி.

உன் அத்தை,
அம்புஜவல்லி


விருத்தாசலம்
25.8.2024

அன்புள்ள அத்தைக்கு,

துர்காவின் வணக்கம். டப்பா வந்தது. திறந்ததுமே நம் வீட்டு வாசனை. கடுதாசியை இரண்டு தடவை படித்தேன்.

எனக்குக் கப்புக்குக் கைப்பிடி ஒட்டுகிற வேலை கொடுத்திருக்கிறார்கள். களிமண் குழம்பைத் தொட்டு, கோணாமல் ஒட்டி, பிசிறைத் துடைத்து வைக்க வேண்டும். ஒரு நாளைக்கு முந்நூறு கப்புக்குக் குறையாது. கூட வேலை செய்கிற செல்வநாயகி அக்கா வீட்டிலேயே ஓர் அறையில் இருக்கிறேன். நல்ல மனுஷி, வாய்தான் ஓயாது.

களிமண் மூட்டை நிறுக்கிற தராசில்தான் என்னையும் நிறுக்கிறார்கள். சூப்பர்வைசர் நல்லமுத்து அண்ணன் ஷெட்டுக்கே கேட்கிற மாதிரி, "முப்பத்தெட்டு எழுநூறு! ஒரு மூட்டைக்கே பத்து கிலோ பத்தலியேம்மா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

டாக்டரம்மா திட்டவில்லை. "பால் இல்லாமலும் ஏறும், ஆனா ஒக்காந்து திங்கணும், மெனக்கெடணும்" என்றார். பி-12 மாத்திரையை மட்டும் விடக்கூடாதாம். காலையில் உளுந்தங்களியில் கருப்பட்டியும் நல்லெண்ணெயும். பத்தரைக்கு வாழைப்பழம், எள்ளுருண்டை. மதியம் சோற்றுக்குச் சரிபாதி பருப்பு, கூடவே கொண்டைக்கடலை. சாயங்காலம் ஒரு கை வேகவைத்த மல்லாட்டை (டாக்டரம்மா சீட்டில் வேர்க்கடலை). படுக்கப் போகுமுன் தேங்காய்ப்பால் ஊற்றிய கஞ்சி. பசி எடுத்து நான் சாப்பிடுவதே இல்லை அத்தை, மணி பார்த்துச் சாப்பிடுகிறேன். தாடை வலிக்கிறது. கம்பெனியில் ஒரு ஷிப்ட், வாய்க்கு ஒரு ஷிப்ட்.

துர்கா


கம்மாபுரம்
29.9.2024

துர்காவுக்கு,

டப்பாவைத் துலக்கி வேறு அனுப்பியிருக்கிறாய். மாமியார் பாத்திரத்தைத் துலக்காமல் அனுப்பினால் என்ன, கோர்ட்டுக்கா போகப்போகிறேன்?

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். என் மகனுக்காகக் கேட்கவில்லை, எனக்காகக் கேட்கிறேன். கறி, மீனை விட்டாய். முட்டையை விட்டாய். எத்தனையோ பேர் விடுகிறார்கள். பாலை ஏன் விட்டாய்? சோற்றில் ஒரு கரண்டி மோர் விட்டால் என்ன வந்துவிடும்? நாம் மாட்டை அடிக்கிறோமா, பட்டினி போடுகிறோமா? செவலை நான் பேர் சொல்லிக் கூப்பிட்டால்தான் தண்ணீரே குடிக்கும். அப்படி வைத்திருக்கிறேன்.

தெருவில், "மாமியா கை பாலு கசக்குதாமா அவளுக்கு?" என்று கேட்கிறார்கள். நான் என்ன பதில் சொல்லட்டும்? சாமிக்கு வேண்டுதலா, டிவியில் யாராவது சொன்னார்களா, இல்லை என்னைப் பிடிக்கவில்லையா? எதுவானாலும் எழுது. கால் வீக்கம் வேறு எனக்கு. இந்த வயதில் ஊகித்துக்கொண்டே கிடக்க முடியவில்லை.

அத்தை


விருத்தாசலம்
6.10.2024

அன்புள்ள அத்தைக்கு,

கேட்டதற்குச் சொல்லிவிடுகிறேன். ஒரு தடவைதான் எழுதுவேன், திரும்பக் கேட்காதீர்கள்.

போன வருஷம் ஐப்பசியில், எட்டாம் மாதத்தில், பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. வெறும் கையோடு வீட்டுக்கு வந்தேன். எனக்குப் பால் கட்டிக்கொண்டது. நீங்கள்தான் மல்லிகைப்பூ வாங்கிவரச் சொல்லி, மார்பில் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டினீர்கள், பால் வற்றட்டும் என்று. கட்டும்போது நீங்களும் அழுதீர்கள். அதை நான் மறக்கவில்லை.

நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோதே செவலையின் கன்றும் செத்திருந்தது. நான் வந்த இரண்டாம் நாள் காலையில் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கன்றின் தோலில் வைக்கோலை அடைத்து, நாலு குச்சியைக் காலாக வைத்து, செவலையின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினீர்கள். அது நக்கியது. நக்க நக்கப் பால் சுரந்தது. எனக்கும் சுரந்தது அத்தை. கட்டெல்லாம் நனைந்துபோனது. அரை மணி கழித்து அந்தப் பாலையே காய்ச்சி ஒரு டம்ளரில் கொண்டுவந்து, உடம்பு தேறட்டும் குடி என்றீர்கள்.

உங்களைக் குற்றம் சொல்லவில்லை. ஊரில் எல்லோரும் செய்வதுதான். ஆனால் அன்றிலிருந்து எனக்கு அது தொண்டையில் இறங்கவில்லை. பால் மட்டுமில்லை, ஓர் உயிரிடமிருந்து எடுக்கிற எதுவும் இறங்கவில்லை. உங்கள் பிள்ளையிடம் இதைச் சொல்ல ஆரம்பித்தேன். "மாட்டையும் ஒன்னையும் ஒண்ணா பேசாதடி" என்று எழுந்து போய்விட்டார். அப்புறம் நான் யாரிடமும் சொல்லவில்லை.

எடை நாற்பது முந்நூறு. உங்கள் மாவும் தீர்ந்துவிட்டது.

துர்கா


கம்மாபுரம்
20.10.2024

துர்கா,

போன ஞாயிறு கலியமூர்த்தியை வெறும் கையோடு அனுப்பினேன். எழுத வரவில்லை.

கன்று செத்தால் கறக்காமல் விட முடியாது, மாட்டுக்கு மடி கட்டி நோவு வந்துவிடும். என் அம்மா அப்படித்தான் செய்தாள், நானும் செய்தேன். நீ ஜன்னலில் நின்றது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் செய்திருப்பேனோ என்னவோ.

இனி ஏன் என்று கேட்க மாட்டேன். தெருவில் கேட்டால், அவள் இஷ்டம், உனக்கென்ன என்று சொல்கிறேன். இந்தத் தடவை ரெண்டு டப்பா அனுப்பியிருக்கிறேன்.

அத்தை


விருத்தாசலம்
29.12.2024

அன்புள்ள அத்தைக்கு,

நாற்பத்தைந்து நூறு!

நல்லமுத்து அண்ணன் நம்பாமல் என்னை இறக்கிவிட்டு, தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, மறுபடியும் ஏற்றினார். மறுபடியும் நாற்பத்தைந்து நூறு. டாக்டரம்மாவிடமும் போய்ப் பார்த்துவிட்டேன். ரத்தமும் ஏறியிருக்கிறது. "நீ பண்ணிட்டம்மா" என்று முதுகில் தட்டிக்கொடுத்தார்.

சந்தோஷமாக இருக்கிறதா என்றால் இருக்கிறது. ஆனால் ரொம்பக் களைப்பாகவும் இருக்கிறது. புயல் மழையில் கம்பெனி நாலு நாள் மூடிக்கிடந்தது, கலியமூர்த்தி அண்ணனும் ரெண்டு வாரம் வரவில்லை. காய்ச்சலில் படுத்து ஒரு கிலோ இறங்கி, அதைத் திரும்ப ஏற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. மல்லாட்டையைப் பார்த்தாலே கண்ணில் தண்ணீர் வருகிறது. என்னோடு சேர்ந்து செல்வநாயகி அக்காவும் ஒரு சுற்றுப் பெருத்துவிட்டார். ரவிக்கையெல்லாம் பிரித்துத் தைக்கிறார்.

பால் ஒரு சொட்டு இல்லாமல் ஏறியிருக்கிறேன் அத்தை. நான் சொல்லி, நான் சொன்னபடியே நடந்த காரியம் என் ஆயுசில் இது ஒன்றுதான். உங்கள் பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள்.

துர்கா


கம்மாபுரம்
5.1.2025

துர்காவுக்கு,

உன் கடுதாசியைக் கொளஞ்சிக்குப் படித்துக் காட்டினேன். மாட்டுப்பொங்கல் அன்று கார் வைத்துக்கொண்டு போய் உன்னைக் கூட்டிவருகிறேன் என்றான். எனக்கு மனசு குளிர்ந்துபோனது. அடுப்படியைக் கூட வெள்ளையடிக்கச் சொல்லிவிட்டேன்.

சாப்பிடும்போது சொல்கிறான்: "வரட்டும்மா. எடுத்தவொடனே பாலுன்னு சொல்ல வாணாம். மோருல ஆரம்பிச்சா தன்னால பாலுக்கு வந்துடுவா." நானும் சிரித்தேன். சிரித்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனவள், கழுவின சட்டியையே திரும்பத் திரும்பக் கழுவினேன். ஏனென்றால் அவன் செய்யப்போவதை நான் ஏற்கெனவே செய்துவிட்டேன்.

மாவில் நெய் இருக்கிறது துர்கா. முதல் டப்பாவிலிருந்தே. ஒவ்வொரு தானியத்தையும் நெய் விட்டுத்தான் வறுத்தேன். நெய் இல்லாமல் உடம்பு தேறும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. உன் எலும்பு தெரிகிற தோளை நினைத்துக்கொண்டு ஊற்றினேன். நீ ஜன்னலைப் பற்றி எழுதின பிறகாவது நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. அந்த ரெண்டு டப்பாவில் இன்னும் கூடத்தான் விட்டேன், பாவத்துக்குப் பிராயச்சித்தம் மாதிரி. நான் எப்படிப்பட்டவள் பார்.

கொளஞ்சிக்கு இது தெரியாது, தெரியவும் வேண்டாம். ஆனால் சொட்டுகூட இல்லாமல் ஏறினேன் என்று நீ எழுதியதைப் படித்த பிறகு என்னால் தூங்க முடியவில்லை. உன் சந்தோஷத்தைக் கெடுத்துவிட்டேன். வந்து நாலு பேர் முன்னால் என்னைத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். வராமல் மட்டும் இருந்துவிடாதே.

அம்புஜவல்லி


விருத்தாசலம்
12.1.2025

அன்புள்ள அத்தைக்கு,

என் நாற்பத்தைந்து கிலோவில் உங்கள் நெய் ஒரு துளி இல்லை. தூங்குங்கள்.

முதல் டப்பாவைத் திறந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. வெண்ணெய் உருக்கும்போது நீங்கள் முருங்கைக்கீரை போடுவீர்களே, அந்த வாசனை. ஐந்து வருஷம் அந்த அடுப்படியில் நின்றவள் நான், எனக்குத் தெரியாதா? அன்றைக்கு உங்களை வாய்க்கு வந்தபடி வைதேன். டப்பாவைத் தூக்கிச் செல்வநாயகி அக்காவிடம் கொடுத்தேன். அதற்குப் பிறகு வந்த டப்பாவெல்லாம் அவருக்குத்தான். அவர் ரவிக்கை ஏன் இறுகியது என்று இப்போது புரிகிறதா?

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சண்டை போடத் தெம்பில்லை. இன்னொன்று, சொன்னால் டப்பா நின்றுவிடும், டப்பா நின்றால் கடுதாசியும் நின்றுவிடும். அந்த வீட்டிலிருந்து என்னோடு பேசினது நீங்கள் ஒருத்தர்தான். மாவைக் குடித்தேன் என்று நான் ஒரு தடவைகூட எழுதவில்லை, பழைய கடுதாசிகளைப் பாருங்கள். ஆனால் குடித்தேன் என்று நீங்கள் நினைக்க வேண்டும் என்றுதான் எழுதினேன். அதுவும் பொய்தான். உங்கள் பொய்க்கு என் பொய் சரியாகப் போயிற்று.

மாட்டுப்பொங்கலுக்கு நான் வரவில்லை. இதை நானே அவருக்குப் போன் செய்து சொல்லிவிடுகிறேன், நீங்கள் நடுவில் நின்று அடிபட வேண்டாம். மோரில் ஆரம்பிக்கலாம் என்றாராமே. அப்படியென்றால் இந்தப் பந்தயம் எதற்கு? இத்தனை மாதம் தாடை நோக நான் மென்றது எதற்கு? முதலில் எனக்குக் கோபம்கூட வரவில்லை அத்தை, கால் நீட்டிப் படுத்துக்கொள்ளலாம் போல இருந்தது.

எனக்குப் பிள்ளை ஆசை இல்லை என்று நினைக்காதீர்கள். கப்பில் கைப்பிடி ஒட்டும்போதுகூட அந்த நினைப்புத்தான். ஆனால் எனக்கு ஒரு பிள்ளை பிறந்து, அது ஒன்றை வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டால், அந்த வாயைப் பிளந்து ஊற்றுகிற வீட்டில் அதை வளர்க்க மாட்டேன். அவர் மாறினால் தெரியும். அன்றைக்கு அவர் எடையைக் கேட்காமல் வருவார்.

நீங்கள் வாருங்கள். கரிநாள் கழிந்த ஞாயிற்றுக்கிழமை கலியமூர்த்தி அண்ணன் வண்டியில் முன்சீட்டில் ஏறிக்கொள்ளுங்கள், டப்பா எதுவும் வேண்டாம். கால் வீக்கத்தை டாக்டரம்மாவிடம் காட்டலாம். முப்பத்தைந்து வருஷமாக நாலு மணிக்கு எழுந்து கறக்கிறீர்கள். ரெண்டு நாள் உங்கள் பிள்ளை கறக்கட்டும். நீங்கள் இங்கே விடிந்து வெயில் ஏறின பிறகு எழுந்திருங்கள். யாரும் எழுப்ப மாட்டோம்.

உங்கள்
துர்கா