முப்பது மைல் வேகத்தில்

1946 செப்டம்பர் 16
விடுதி லாரிக்கு இன்று வேறு நான்கு சக்கரங்கள் மாட்டினார்கள். பட்டாளம் கழித்து ஏலம் விட்டவை, பழையவற்றைவிட அகலம். மேலூர் வண்டித்தடத்தில் இனிப் புதையாதாம். பட்டறைக்காரர் சேக் இஸ்மாயில் முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்திக் கையால் சுழற்றிவிட்டார். ஆடி ஆடி நின்றது. கீழே வந்து நின்ற இடத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டார். மறுபடி சுழற்றினால் அதே கோடுதான் கீழே.

"இந்தப் பக்கம் கனம் சாஸ்தி. நீங்க போங்கம்மா, நேரமாகும். சரிக்கட்டி அனுப்புறேன்."

வகுப்பு இருந்தது. வந்துவிட்டேன்.

செப்டம்பர் 20
மேலூர் போய் விடுதிக்கு அரிசி ஏற்றி வந்தோம். டிரைவர் சுருளிக்கு ஒரே குஷி. "எண்ணெயில வழுக்குன மாதிரி போகுது டீச்சரம்மா!" பர்மா மலையில் பட்டாள லாரி ஓட்டியவன். அவன் மெச்சினால் நல்ல சக்கரம்தான்.

அக்டோபர் 4
ஆயுத பூசை. சுருளி ஊருக்குப் போயிருந்ததால் விடுதிப் பெண்களே லாரியைக் கழுவினார்கள். முன்சக்கரங்களின் உள்விளிம்பில் சேறு இறுகினாற்போல் கட்டி கட்டியாக ஏதோ ஒட்டியிருந்தது. அவலட்சணம். சமையல்கார மாயக்காளைப் பெயர்த்து எறியச் சொன்னேன். "சாமிக்கு நிக்கிற வண்டி பளிச்சுனு இருக்க வேணாமா" என்று அவளும் உளியால் தட்டி எடுத்தாள். சந்தனம், குங்குமம், மாலை. லாரி கல்யாணப் பெண் மாதிரி நின்றது.

அக்டோபர் 8
ஒத்தக்கடை தாண்டியதும் ஸ்டியரிங் உதறியது. சுருளி வேகத்தைக் குறைத்ததும் நின்றது. என்ன இது என்றேன். "தெரியலையே டீச்சரம்மா. முப்பது மைல தொட்டா உதறுது." இறங்கும்போது அவன் கை நடுங்கியதைப் பார்த்தேன்.

அக்டோபர் 11
அழகர்கோவில் போய் வந்தோம். மறுபடியும் உதறல். பின்னால் பதினெட்டுப் பெண்கள், ஒரே கூச்சல்.

குமாஸ்தா நல்லகாமன் சிரிக்கிறார். "சக்கரமா குடிக்குது? பர்மாவுல இருந்து வந்தவன் அம்புட்டுப் பேரும் ஊத்திக்கிறவன்தான். அவன் கையப் பாருங்கம்மா."

பார்த்தேன். நடுங்கத்தான் செய்கிறது. சக்கரம் கையை ஆட்டுகிறதா, கை சக்கரத்தை ஆட்டுகிறதா? பட்டறையில் காட்டலாமென்றால், இஸ்மாயில் மகள் கல்யாணத்துக்குக் கீழக்கரை போயிருக்கிறார். மாதக் கடைசியில்தான் வருவாராம்.

அக்டோபர் 12
கேட்டுவிட்டேன். "குடிக்கிறியா சுருளி?"

வண்டி துடைத்துக்கொண்டிருந்த துணியை மடித்து வைத்தான். பிறகு, "ஊதிக் காட்டவா?"

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஊதினான். வெற்றிலை வாசம்தான். ஆனால் வெற்றிலையே எதையாவது மறைக்கத்தானோ? — என்ன மனசு இது?

அக்டோபர் 14
சுருளியை வேலையை விட்டு நிறுத்திவிட்டேன். பதினெட்டுப் பெண்கள், விடுதிப் பொறுப்பு என்னுடையது. நான் என்னதான் செய்ய?

அக்டோபர் 23
தற்காலிகமாக அழகுமலை என்றொருவர் ஓட்டுகிறார். லாரி உதறவே இல்லை. அப்படியானால் நான் செய்தது சரி. சரிதானே? ஏன் நிம்மதி வரமாட்டேன் என்கிறது?

அக்டோபர் 30
மேலூரில் கிளம்பும்போதே மேகம் கட்டியது. அரிசி நனையக்கூடாதென்று, "கொஞ்சம் விரட்டுங்க" என்றேன். இதுவரை இருபதைத் தாண்டாத மனுஷன். முப்பதைத் தொட்டார் — ஐயோ. அதே உதறல். அதே.

அக்டோபர் 31
இஸ்மாயில் வந்தார். சக்கரத்தின் உள்பக்கம் கைவிட்டுத் தடவியவர் நிமிர்ந்தார். "நான் அடிச்ச ஈயத்த எவன் பேத்தது?"

கனத்த பக்கத்துக்கு எதிரே ஈயம் அடித்து நிறையைச் சமன் செய்திருந்தாராம்.

"நான்தான் பாய். அழுக்குன்னு நினைச்சு."

"நீங்களா!" என்று சிரித்தார். சட்டென்று சிரிப்பு நின்றது. "அப்ப அந்தப் புள்ள சுருளி?"

எனக்கு நாற்பத்து மூன்று வயது. பௌதிகத்தில் பட்டம். வாரத்துக்கு மூன்று மணி ஈர்ப்பு மையம் பற்றிப் பாடம் நடத்துகிறவள்.

நவம்பர் 3
சுருளி மேலூரில் கல் உடைக்கிறான். அவன் மனைவி சுந்தரம்மாள் முகம் கொடுக்கவில்லை. "இப்ப எதுக்கு வந்தீக? சோத்துல கைய வைக்கையிலயும் அந்தக் கையத்தான் உத்துப் பாத்துக்கிட்டு இருக்காரு."

கல் உடைத்துவிட்டு வந்த சுருளியிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன். கோபப்படுவான் என்று நினைத்தேன்.

"அப்ப என் கை இல்லையா?"

"இல்லப்பா. என் தப்பு."

"நானும் என் கைதான்னு நம்பிட்டேனே டீச்சரம்மா."

லாரி ஓட்டத் திரும்பி வா என்றேன். சுத்தியலை வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே போய்விட்டான்.

நவம்பர் 5
இஸ்மாயில் மறுபடி ஈயம் அடித்துச் சக்கரத்தைச் சரிக்கட்டிவிட்டார். சுருளியைத் திரும்ப எடுக்கச் சொல்லி, நடந்ததை விடுதிக் கமிட்டிக்கு எழுதினேன். "உங்க பேரு எதுக்கும்மா? மாயக்கா பேத்துட்டான்னு எழுதுனா முடிஞ்சது" என்றார் நல்லகாமன். என் பெயரையே எழுதினேன்.

நவம்பர் 11
காலையில் லாரியருகே சுருளி நின்றுகொண்டிருந்தான். வணக்கம் சொல்லவில்லை. "முன்னால ஏறுங்க" என்றான்.

ஒத்தக்கடை வரை இருபதுதான். வயல்வெளி வந்ததும், "அமுக்கட்டுமா?"

"அமுக்கு."

முள் முப்பதைத் தொட்டது. முப்பத்திரண்டு. ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அவன் கண் அடிக்கொருதரம் சாலையை விட்டுத் தன் கைகளுக்கே போயிற்று. மேலூர் வரும்வரை அவனுக்கும் சேர்த்துச் சாலையைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.