வெட்டாத ராணி

மார்ச் 3, செவ்வாய்

இன்றோடு எனக்கு நாற்பத்து நான்கு. போனில் இருநூற்றுப் பதினோரு நண்பர்கள் வாழ்த்தினார்கள். அதில் அறுபது பேர் அனுப்பியது ஒரே கேக் படம். ஆன்லைன் செஸ்ஸில் 'நொண்டிக்குதிரை' என்ற பேரில் என்னோடு ஆடுகிற ஆள் மட்டும் வாழ்த்தவில்லை. வழக்கம்போல் காலை ஆறு பத்துக்கு மந்திரியை நகர்த்தி என் யானையின் கழுத்தில் கத்தி வைத்திருந்தார்.

இரண்டு வருடமாக ஆன்லைனில் செஸ் ஆடுகிறோம், ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு நகர்த்தல். முப்பத்தெட்டு ஆட்டம். முப்பத்தெட்டிலும் மண்ணைக் கவ்வியது நான்தான். முடிந்ததும் "அடுத்தது?" என்பார். எங்கள் பேச்சு அவ்வளவுதான். பென்ஷன் வாங்கும் கணக்கு வாத்தியார் என்று நானாக முடிவு செய்து வைத்திருக்கிறேன்.

"பேர் தெரியாது, முகம் தெரியாது. இதுக்கெல்லாம் சிநேகிதம்னு பேரா?" என்கிறாள் என் மனைவி. எனக்கோ ஆறு மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது.

மார்ச் 6, வெள்ளி

ராணியைக் கொண்டுவந்து என் குதிரையின் வாயில் வைத்துவிட்டார்!

எனக்குக் கை கால் ஓடவில்லை. பொறியா? பத்துத் தடவை பார்த்தேன், இல்லை. சும்மா நிற்கிறது ராணி. பன்னிரண்டாவது மாடியில், பழுதுபார்க்கப் போன லிஃப்ட்டின் கூரைமேல் நின்று கம்பி வடத்தைத் துடைத்துக்கொண்டே சிரித்திருக்கிறேன் போல. "அண்ணே, இறங்கி வந்து சிரிங்க" என்று கூட வேலை செய்பவர் கத்தினார்.

தினமும் ஆடுவது எங்கள் பழக்கம்தான்; விதிப்படி ஒரு நகர்த்தலுக்கு மூன்று நாள் அவகாசம் உண்டு. ஒரு நாளாவது வைத்திருந்து ருசிக்கிறேனே.

மார்ச் 7, சனி

வெட்டப் போன விரல் நின்றுவிட்டது.

ஏழு வருடம் குலுங்காத லிஃப்ட் ஒரு நாள் குலுங்கினால் கைதட்டுவேனா? கழற்றிப் பார்க்க மாட்டேனா? இந்த ஆள் ஒரு சிப்பாயைக்கூட சும்மா விட்டதில்லை.

"என்ன ஆச்சு?" என்று எழுதினேன். அனுப்பிய பிறகு கூச்சமாக இருந்தது. கேட்பதற்கு நான் யார்?

மார்ச் 8, ஞாயிறு

பதில் இல்லை. நாளை ஆறு பத்துக்குள் வெட்டாவிட்டால் நேரம் முடிந்து நான் தோற்றதாகிவிடும். ஆகட்டும் — பதில் வராமல் தொட மாட்டேன்.

மார்ச் 9, திங்கள்

ஐந்தரைக்கு வந்துவிட்டது. "மகளுக்கு ஆபரேஷன். வெளிய உட்கார்ந்து எதையோ நகர்த்திட்டேன். இப்ப கண்ணு முழிச்சுட்டா. நான் யார்கிட்டயும் சொல்லலையே, உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"ராணியப் பார்த்தேன்" என்றேன்.

அடுத்தடுத்து எழுதியதில் தெரிந்தது: கணக்கு வாத்தியாரும் இல்லை, பென்ஷனும் இல்லை. ஸ்கூல் பஸ் ஓட்டுகிற அம்மா! என் மனைவி போனைப் பிடுங்கிக்கொண்டு, "பாப்பாவுக்கு என்ன வயசுங்க? காய்ச்சல் இருக்கா?" என்று தட்ட ஆரம்பித்துவிட்டாள். கெஞ்சித் திரும்ப வாங்கும்போது மணி ஆறு ஐந்து.

"இந்த ஆட்டத்த விட்டுட்டு புதுசா ஆடலாமா?" என்று கேட்டேன்.

"மரியாதையா வெட்டுங்க. பாவம் பார்த்தீங்கன்னா அப்புறம் பேசவே மாட்டேன்."

ஆறு ஒன்பதுக்கு வெட்டினேன்.

மார்ச் 17, செவ்வாய்

நொண்டிக்குதிரை மகளோடு வீட்டுக்கு வந்துவிட்டாராம்.

மார்ச் 28, சனி

ராணி இல்லாமலே என்னை மடக்கிவிட்டார். முப்பத்தொன்பது. கீழே அதே "அடுத்தது?"

நான் போட்ட சத்தத்தில் இவள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"தோத்துட்டேன்."

"ராணி இல்லாதவங்ககிட்டயா?"

"ஆமா."

அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்ப பொண்ணு நல்லாத் தேறிட்டா" என்றாள்.