மதிய அடுப்பில் தெரிந்த கை

அன்பு மகள் சிட்டுவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் சுகம்தான், உடம்பில் வலிக்கிற இடமெல்லாம் போன மாதம் வலித்த அதே இடங்கள்தான், புதிதாக எதுவும் சேரவில்லை. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாகத் தூங்கி நல்லபடியாக இருக்கிறாய் என்று நம்பத்தான் ஆசை, ஆனால் நம்புகிறேனா என்று கேட்டால் அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கையில் போன் இருக்கும்போது இந்த மனுஷர் எதற்குப் பேனாவைத் தேடுகிறார் என்று நினைப்பாய். போனில் கேட்டால் நீ ஒரு சிரிப்புச் சிரித்து, மீட்டிங் இருக்குப்பா, அப்புறம் கூப்பிடறேன் என்று வைத்துவிடுவாய். காகிதத்தை அப்படி வைக்க முடியாது, வைத்தாலும் மேஜைமேல் கிடந்து உன்னையே பார்த்துக்கொண்டிருக்கும். அதனால் உட்கார்ந்து முழுக்கப் படி, நடுவில் எழுந்து போகாதே.

நான் ஓய்வு பெற்றதிலிருந்து வீட்டில் என்ன நடக்கிறது என்று உனக்குப் பாதிதான் தெரியும். அம்மா இன்னும் ஆஸ்பத்திரி சலவைப் பிரிவுக்குப் போய் நாள் முழுக்க நின்று படுக்கை விரிப்பு மடித்துவிட்டு வருகிறாள், நான் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தால் நன்றாக இருக்குமா, அதனால் சமையல் என் பொறுப்பு என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எனக்குச் சமைக்கத் தெரியாது என்பது நினைவுக்கு வந்தது. நீ வாங்கித் தந்த போன்தான் வாத்தியார். ஆனால் காலமெல்லாம் பஸ்ஸில் ஏறி டிக்கெட்டைக் காட்டு என்று கேட்டவனுக்கு யாரையும் லேசில் நம்ப வராது. அந்த வீடியோக்காரர்களில் முக்கால்வாசிப் பேர் டிக்கெட் இல்லாத கேஸ்தான் சிட்டு. அடுப்புக்குள் போகிற பாத்திரம் ஒன்று, வெளியே வருகிற பாத்திரம் வேறு. விளிம்பில் இருந்த நசுங்கல் எங்கே போயிற்று என்று நிறுத்தி நிறுத்திப் பார்த்து அம்மாவிடம் நிரூபித்தேன், அவள், சரி கண்டுபிடிச்சாச்சு, இப்ப சாப்பிட என்ன இருக்கு என்றாள். மிச்ச எண்ணெயில் சோப்பு செய்யலாம் என்று ஒருத்தர் சொன்னதைக் கேட்டுச் செய்தேன், அது கட்டியாகவும் இல்லை கரையவும் இல்லை, இன்னும் மாடிப்படிக்குக் கீழே ஒரு வாளியில் முறைத்துக்கொண்டு நிற்கிறது. கண்ணாடி டம்ளரில் மெழுகுவர்த்தி ஊற்றியதில் டம்ளர் இரண்டாகப் போச்சு. குக்கரில் கேக் வைத்தேன், கீழ்வீட்டு எலக்ட்ரீஷியன் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, சார், இத சுவத்துல பதிச்சா ஆணி அடிக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்படி ஒவ்வொருத்தரையாகக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டு வரும்போதுதான் மதிய அடுப்பு என்று ஒரு சேனல் கண்ணில் பட்டது. முகம் கிடையாது, குரல் கிடையாது, இரண்டு கை மட்டும், சொல்ல வேண்டியதைத் திரையில் எழுதிக் காட்டுவார்கள். அதில் ஒன்று எனக்குப் பிடித்தது, கருகினால் கருகியதையும் காட்டினார்கள். சரி, இவர்களிடம் டிக்கெட் இருக்கும்போல் இருக்கிறது என்று வெங்காய ரொட்டி செய்யப் பார்த்துக்கொண்டிருந்தேன், மாவு, தண்ணீர், அதற்கப்புறம் திரையில் வந்தது பார், ஒரு கோழிமூக்கு உப்பு என்று. எனக்குக் கையிலிருந்த மாவு கீழே கொட்டிவிட்டது. மூன்று விரலைக் குவித்து எடுக்கிற அளவுக்கு உன் அம்மாவும் சித்தியும் சிறுமிகளாக இருந்தபோது வைத்த பெயர் அது, நம் வீட்டைத் தவிர உலகத்தில் எந்த அடுப்படியிலும் அந்த வார்த்தை கிடையாது. உனக்கும் தெரிந்த வார்த்தைதான், ஆனால் வீடியோ வேலை நாளில் பட்டப்பகலில் எடுத்தது, நீ அப்போது ஆபீஸில் அல்லவா இருப்பாய், அதனால் உன்னைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

அம்மா வேலையிலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்ற விடாமல் காட்டினேன். பார்த்தவள் முகம் இறுகிப் போச்சு. இது அவதான், வேற யாரு, மிஷின தூக்கிக் குடுத்தது போதாதுன்னு இப்ப வீட்டு வார்த்தையையும் ஊருக்கு எடுத்துக் குடுக்கிறா என்றாள். இரண்டு பேரும் சேர்ந்து வாங்கிய தையல் மிஷினைச் சித்தி கேட்காமல் யாருக்கோ கொடுத்ததிலிருந்து இருவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை என்பது நீ அறிந்ததுதான். நீங்க போய்க் கேட்டுட்டு வாங்க, நான் அந்த வாசல மிதிக்க மாட்டேன் என்றாள். எனக்கும் ஒரு குறுகுறுப்பு, ரொம்ப நாள் ஆகிவிட்டது யாரையும் கையும் களவுமாகப் பிடித்து.

சித்தி வேலை பார்க்கிற மூக்குக் கண்ணாடிக் கடைக்கே போனேன். ஒருவருக்கு பிரேம் மாட்டிச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள், என்னைப் பார்த்ததும், அக்காவுக்கு ஒண்ணும் இல்லையே அத்தான் என்றுதான் முதலில் கேட்டாள். அந்த ஒரு கேள்வியிலேயே என் வேகம் பாதி இறங்கிவிட்டது. இருந்தாலும் போனை நீட்டி, இது யார் கை என்று அதிகாரமாகக் கேட்டேன். அவள் பார்த்தாள், விழுந்து விழுந்து சிரித்தாள், என் விரல் இவ்வளவு ஒல்லியா இருந்தா நான் ஏன் அத்தான் மோதிரத்தக் கழட்டி டப்பால வச்சிருக்கேன் என்றாள். அப்புறம் அதே இடத்திலிருந்த இன்னொரு வீடியோவைத் திறந்தாள், பழைய துணியைக் கிழித்துப் பின்னிக் கால்மிதி செய்கிறது. பார்க்கப் பார்க்கச் சிரிப்பு நின்றுபோச்சு. கடையில் பூதக்கண்ணாடி இருக்குமே, அதை எடுத்துத் திரைமேல் வைத்து, அத்தான், இந்தச் சுண்டுவிரலப் பாருங்க என்றாள். கொஞ்சம் வெளியே வளைந்து நிற்கிற சுண்டுவிரல். சின்ன வயதில் கார் கதவில் அந்த விரல் நசுங்கி நீ ஊரைக் கூட்டி அழுதபோது உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடியவன் நான். எனக்குத் தெரிந்த உன் கையில் நீள நகமும் சாயமும் இருக்கும், இந்தக் கை நகத்தை ஒட்ட வெட்டி, காய்ந்து, இளைத்துப் போயிருந்தது, அதனால் எனக்குப் பிடிபடவில்லை என்று வேண்டுமானால் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். திரும்பி வருகிற பஸ்ஸில் நான் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

அம்மா முதலில் ஒத்துக்கொள்ளவே இல்லை. அவ ஆபீஸ்ல இருக்கா, இதுக்கெல்லாம் அவளுக்கு ஏது நேரம் என்று என்னிடம் சண்டைக்கு வந்தாள். கால்மிதி வீடியோவைப் போட்டுக் காட்டினேன். நாள்பூரா துணியோடு கிடக்கிறவளை ஏமாற்ற முடியாது சிட்டு. நீ கிழித்த அந்த நீலத் துணி வந்த இடத்தில் நிறுத்தச் சொல்லிக் கிட்டத்தில் பார்த்தாள். நீ வேலையில் சேர்ந்தபோது அம்மா வாங்கித் தந்த ஆபீஸ் சட்டை, காலருக்குக் கீழே அவளே தைத்துக் கொடுத்த பொத்தான் ஓட்டை. பழையது இல்ல, இன்னும் எவ்வளவோ நாள் போடலாம், ஏன் கிழிச்சா என்று மட்டும் கேட்டாள். அதற்கப்புறம் இருவரும் உட்கார்ந்து உன் வீடியோ எல்லாவற்றையும் ஆரம்பத்திலிருந்து பார்த்தோம். எல்லாம் பட்டப்பகல் வெளிச்சம். உன் வீடு என்று நீ அனுப்பிய போட்டோவில் இருந்த பெரிய ஜன்னல் எதிலும் இல்லை, எதிர்ச் சுவரைப் பார்த்த ஒரு சின்ன ஜன்னலும் ஒற்றை அடுப்பும்தான். கல்யாணம் பண்ணிக்கொண்டு சொல்லாமல் இருக்கிறாயோ, உடம்புக்கு ஏதாவதோ, யாராவது உன்னை மிரட்டி வைத்திருக்கிறார்களோ என்று எங்களுக்குத் தோன்றாத சந்தேகம் இல்லை. உன்னைக் கூப்பிடலாம் என்றேன், அம்மா போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள். கேட்டா இன்னொரு பொய் சொல்லணும் அவ, வேணாம் என்றாள்.

அதனால் நான் ஒரு காரியம் செய்தேன். உன் வீடியோவுக்குக் கீழே தினமும் வந்து குறை சொல்கிற ரொட்டித் தாத்தா என்று ஒருத்தர் உண்டு அல்லவா? ரொட்டி நடுவில் வேகவில்லை என்று எழுதினால், அடிக்கடி திறந்து பாத்திருப்பீங்க ஐயா, கொஞ்சம் பொறுமையா இருங்க என்று நீ பதில் போட்டாயே? அது நான்தான். என்னைத் திட்டுவதில் உனக்கு அங்கேயும் குறைச்சல் இல்லை, படித்துவிட்டு அம்மா ரொம்ப நாளுக்கப்புறம் வாய்விட்டுச் சிரித்தாள். நீ சொன்னபடி திறக்காமல் வைத்தேன், வெந்துவிட்டது. ஒரு நாள் தனியாக எழுதிக் கேட்டேன், இதற்கெல்லாம் எப்படியம்மா நேரம் கிடைக்கிறது, வேலைக்குப் போகவில்லையா என்று. நீ எழுதியது எனக்கு மனப்பாடம். வேலை போயிடுச்சு ஐயா, வீட்டுல சொல்லல, அம்மா நாள்பூரா நின்னுட்டே வேலை பாக்கறவங்க, அவங்க காதுல இது விழ வேணாம், கை சும்மா இருந்தா பயமா இருக்கு, அதான் எதையாவது பிசைஞ்சுட்டோ பின்னிட்டோ இருக்கேன். இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் துண்டு மடித்துக்கொண்டிருந்தாள், மடித்ததையே பிரித்துப் பிரித்து மடித்தாள்.

வேலை போனதற்கு எனக்குக் கோபம் இல்லை, அது கம்பெனிக்காரன் தலையெழுத்து. பெயரும் தெரியாத முகமும் தெரியாத ஒரு கிழவனிடம் சொன்னதை அப்பாவிடம் சொல்ல உனக்கு வாய் வரவில்லையே, அதுதான் நெஞ்சில் நிற்கிறது. ஆனால் வேஷம் போட்டு உன் வாயைப் பிடுங்கியவன் நான், அதனால் ரொம்பப் பேச எனக்கும் முகம் இல்லை. நீ கோபித்துக்கொள், பரவாயில்லை, பேசாமல் மட்டும் இருந்துவிடாதே. இன்னொன்றும் கவனித்தேன். முதலில் போட்ட வீடியோக்களில் வெண்ணெய் இருந்தது, முட்டை இருந்தது. அப்புறம் வெண்ணெய் காணாமல் போச்சு, அதற்கப்புறம் முட்டையும் போச்சு, இப்போது வெறும் மாவும் வெங்காயமும்தான். முட்டை இல்லாமலும் நன்றாக வரும் என்று நீ எழுதியதற்கு எத்தனையோ பேர் சபாஷ் போட்டிருக்கிறார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

நீ எழுதியதைச் சித்திக்கும் போனில் சொன்னேன், மறுநாள் கடையை முடித்துக்கொண்டு நேராக வீட்டுக்கு வந்துவிட்டாள், விஷயம் தெரிந்தபின் அவளால் இருக்க முடியவில்லை. அம்மா கதவைத் திறந்து, வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை, நகர்ந்து வழிவிட்டாள். உட்கார்ந்ததும் நீ கால்மிதியில் போட்ட முடிச்சு தப்பு என்று சித்தி சொல்ல, சரிதான் என்று அம்மா சொல்ல, ஆளுக்கொரு பழைய துணியை எடுத்து வைத்துக்கொண்டு வாக்குவாதம். தையல் மிஷின் பேச்சு இன்னும் வரவில்லை, வரும், வந்தால் நான் மாடிக்குப் போய்விடுவேன். அம்மா வேலை இடத்தில் லீவு கேட்டுவிட்டாள், அவள் வாயைத் திறந்து லீவு கேட்டதில் அங்கே எல்லாரும் பயந்தே போனார்களாம். நாங்கள் இருவரும் உன்னிடம் வருகிறோம், பயணத்துக்கு எல்லாம் ஏற்பாடு செய்தாகிவிட்டது, அதனால் வராதீர்கள் என்று சொல்லாதே. உன்னைக் கூட்டிக்கொண்டு வர அல்ல. இருக்கிறாயா வருகிறாயா என்பது உன் இஷ்டம், அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை என்று அம்மாவிடம் சத்தியம் செய்திருக்கிறேன். ஒற்றை அடுப்பு ஆனால் என்ன, மூன்று பேருக்கு முறை வைத்துச் சமைத்துக்கொள்ளலாம். இடம் போதாது, வீடு சரியில்லை என்றெல்லாம் சாக்குச் சொன்னால் இன்னும் ஏதோ மறைக்கிறாய் என்றுதான் எடுத்துக்கொள்வேன், என் புத்தி அப்படி, உனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை எப்போதும்போல் கூப்பிடு. மேனேஜர் என்ன சொன்னார், லிப்ட் எப்படி நின்றது என்றெல்லாம் இனிமேல் கதை கட்ட வேண்டாம், என்ன சாப்பிட்டாய் என்று சொல், போதும். நாங்கள் வரும்வரை ஜன்னலைத் திறந்து வை, மாவை நின்றுகொண்டே பிசையாதே, முதுகு போய்விடும், முட்டை வாங்கு. உனக்கு ஒரு குறையும் வராது, எங்கள் ஆயுளில் மிச்சம் இருப்பதெல்லாம் உன் பேருக்கே சேரட்டும்.

கடைசியாக அம்மா கேட்கச் சொன்னது ஒன்று, மறக்காமல் பதில் சொல். ஆபீஸில் உன் பக்கத்து நாற்காலியில் நிறைமாதமாக ஒரு பெண் இருக்கிறாள், கால் வீங்கிக்கொண்டு கஷ்டப்படுகிறாள் என்று நீ வாராவாரம் சொல்வாயே, அவளுக்காக அம்மா போனில் பார்த்துக் கம்பளி நூலில் ஒரு குழந்தைத் தொப்பி பின்னி வைத்திருக்கிறாள். அந்தப் பெண் நிஜமாகவே இருக்கிறாளா, குழந்தை பிறந்துவிட்டதா? அவளும் உன் கற்பனைதான் என்றாலும் அம்மா ஒன்றும் சொல்லமாட்டாள். தொப்பியைப் பிரிப்பதா, பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு வருவதா என்று மட்டும் தெரிய வேண்டுமாம்.

இப்படிக்கு,
எப்போதும் உன்மேல் ஒரு கண் வைத்திருக்கும்
அப்பா