தனக்கென்று கேட்காதவர்

ஐப்பசி, ஞாயிற்றுக்கிழமை, இரவு

இன்று மண்டபத்தில் என் வீட்டுக்காரருடைய படத்தைத் திறந்து வைத்தார்கள். பதினெட்டு வருஷம் எங்கள் தெருச் சங்கத்துக்குத் தலைவராக இருந்தவர். குடிதண்ணீர், சாக்கடை, பட்டா என்று யார் வந்து நின்றாலும் கூடவே அலைவார். ஆனால் எங்கே கிளம்பினாலும் மகளுக்குத் தலை பின்னிவிட்டுத்தான் போவார்.

"தனக்குன்னு எதையும் கேக்காத மனுஷன் அவரு" என்று சங்கச் செயலாளர் மைக்கில் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு எழுந்து கத்த வேண்டும் போலிருந்தது.

போன பௌர்ணமி சாயங்காலம் அவருக்கு மார்பு வலித்தது. கிரிவலக் கூட்டத்துக்காகத் தெருமுனையில் தடுப்பு வைத்திருந்தார்கள். வண்டி வராது. அந்தத் தடுப்பைப் போலீஸிடம் கேட்டு வாங்கியவரே அவர்தான்.

"இன்ஸ்பெக்டருக்குப் போன் போடறேங்க. ஆட்டோவை உள்ள விடுவாங்க" என்றேன்.

"வேணாம். நமக்குன்னா மட்டும் எடுக்கணுமா? ஆஸ்பத்திரி கிட்டதான், நடந்துடலாம்" என்றார்.

போன் என் கையில்தான் இருந்தது. நான் போடவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்குள் நடந்தார். வளையல் கடை வாசலில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

இன்று மண்டபத்திலிருந்து வீட்டுக்கு வந்ததும் மகள் கேட்டாள். "அப்பா வேணாம்னா என்னம்மா? நீ போன் பண்ணிருக்கலாமில்ல?"

அவள் குரலில் கோபம்கூட இல்லை.

"அவர் பேச்சைத் தட்டிப் பழக்கமில்லடி" என்றேன். அவள் போய்ப் படுத்துக்கொண்டாள்.

இருபத்திரண்டு வருஷத்தில் ஒரே ஒரு தடவை தட்டியிருந்தால் போதும். சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும். கூப்பிடப் பயமாக இருக்கிறது.