நசுங்கிய டம்ளர்

பாப்பாவின் அம்மாவுக்கு,

நீயும் பாப்பாவும் சுகமா? அம்மாவின் மூட்டுவலி தேவலையா? நான் சுகம். இந்த முறை பொய்யில்லை.

குடியை விட்டொழிக்க நினைக்கிறவர்கள் இங்கே நாங்கள் தங்கியிருக்கும் இடத்து லாண்டரிக்குப் பின்னால் ஓர் அறையில் வாராவாரம் கூடுகிறார்கள். நானும் போனேன். வாசலில் நின்று, “பிரெண்டுக்குத் துணையா வந்தேங்க” என்றேன். பக்கத்தில் ஒருவரும் இல்லை. அறையே சிரித்தது.

“நாங்களும் அப்படித்தான் வந்தோம். உக்காருங்க” என்றார் ஒரு பெயின்டர்.

முன்பு சரக்கடித்த சொந்த டம்ளரையே கொண்டுவந்து, அதில்தான் அங்கே எல்லோரும் டீ குடிக்கிறார்கள். எனக்கு மட்டும் பேப்பர் கப். மானம் போயிற்று.

“எத்தனை நாளைக்குன்னு பாக்கலாம்டா” என்று எங்கள் ஃபோர்மேன் நக்கலடிக்கிறார். நன்றாகப் பார்க்கட்டும். நீயும் உன் அண்ணனிடம் எனக்கு வயிற்றுப்புண் என்று மழுப்பாதே. குடியை விடுகிறார் என்றே சொல். சிரித்தால் சிரிக்கட்டும்.

சாயங்காலம் ஆனால் கை பரபரக்கிறது. அந்த நேரத்தில் பாப்பாவைப் போனில் ஏதாவது பேசச் சொல். வாய்ப்பாடு ஒப்பித்தாலும் சரி.

என் எவர்சில்வர் டம்ளரை அனுப்பு. நீ சுவரில் விட்டெறிந்தாயே, அதேதான். நசுங்கலைத் தட்டி எடுத்துவிடாதே. எல்லோர் முன்னாலும் அதிலேயே டீ குடிக்கப்போகிறேன்.

வேலைக்குக் கூட்டிப்போக வந்த வேன்காரர் ஹாரன் அடிக்கிறார்.

உன் வீட்டுக்காரன்