பத்தாம் எண் கட்டில்

என் உயிரான அத்தாவுக்கு, உங்கள் ரஹ்மத்து சலாம் சொல்லி எழுதுவது.

கபர்ஸ்தானுக்குப் பெண்பிள்ளைகள் வரக் கூடாது என்கிறார்கள். வர முடிந்திருந்தால் இதை உங்கள் தலைமாட்டில் உட்கார்ந்து சொல்லியிருப்பேன். நான் எவ்வளவு மெதுவாகப் பேசினாலும் உங்களுக்குக் கேட்டுவிடும். மற்றவர்கள் "என்ன, என்ன?" என்பார்கள், நான் அதோடு நிறுத்திவிடுவேன்.

உங்கள் நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்த மறுநாளே சின்னத்தா வத்தலக்குண்டிலிருந்து பெட்டியோடு மலையேறி வந்துவிட்டார். அவர் கெட்டவர் இல்லை அத்தா. அரிசி, விறகு எதற்கும் குறை வைக்கவில்லை. தங்கச்சிக்குக் கம்பளிச் சட்டை வாங்கிக் கொடுத்தார். ஆனால் உங்கள் வியாபார முறை அவருக்குப் பிடிக்கவே இல்லை.

வெள்ளைக்காரர்கள் ஊருக்குக் கப்பலேற நாள் குறித்ததும் நீங்கள் போய் வீட்டுச் சாமான் மொத்தத்துக்கும் விலை பேசிப் பணத்தையும் கொடுத்து முடித்துவிடுவீர்கள். ஆனால் சாமானை அங்கேயே விட்டுவிடுவீர்கள். அவர்கள் பஸ் ஏறுகிற காலையில்தான் ஆள் அனுப்பி எடுப்பீர்கள். கடைசி நாள் வரைக்கும் மனுஷர் அவரவர் கட்டிலில் படுக்கணும், அவரவர் கோப்பையில் டீ குடிக்கணும் என்பீர்கள். அதனால்தான் பங்களாக்காரர்கள் எல்லோரும் நம் கடையைத் தேடி வந்தார்கள். இதைச் சொன்னால் சின்னத்தா சிரிக்கிறார். "அண்ணன் எங்க யாவாரம் பண்ணாரு? பங்களா பங்களாவாக் காவல் கெடந்தாரு" என்கிறார்.

அந்தச் சிரிப்பு மேட்டு பங்களாவில் தனியாக இருக்கும் வெள்ளைக்காரத் துரைசாணியைப் பற்றியது.

நாலு வருஷத்துக்கு முன்னால் நான் ஆறாம் வகுப்பில் இருந்தபோது, இங்கிலீஷ் எழுதுவேன் என்று என்னை அங்கே கூட்டிப் போனீர்களே. துரைசாணி சொல்லச் சொல்ல நான் எழுதினேன். மேஜை, நாற்காலி, கோப்பைகள், கணப்புக்கு முன்னால் நிறுத்தும் இரும்புத் தட்டி, எல்லாம் சேர்த்து இருபத்திரண்டு. நான் தப்பாக எழுதியதை அவர் பென்சிலால் திருத்தினார். ஒவ்வொரு சாமானுக்கும் அடியில் நம்பர் சீட்டைக் கஞ்சிப் பசையால் ஒட்டியதும் நான்தான். அடுத்த மாதமே பெரியவளானேன், பள்ளிக்கூடம் நின்றது. அந்தப் பட்டியல்தான் நான் கடைசியாக எழுதிய இங்கிலீஷ்.

துரைசாணி மட்டும் போகவே இல்லை. சீமைக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டிருந்த அவருடைய அக்கா அங்கேயே இறந்துபோனார். அப்புறம் கால் வீங்கியது. ஒவ்வொரு வருஷமும் மழை விட்டதும் நீங்கள் ஒரு நடை மேட்டுக்குப் போவீர்கள். டீ குடித்துவிட்டு வெறுங்கையோடு வருவீர்கள். அம்மா கேட்டால், "போக எடமில்லாதவங்ககிட்ட எப்பப் போறீங்கன்னு எப்படிக் கேக்கிறது?" என்பீர்கள். நீங்களும் அவரும் வாய் திறந்து பேசாமலே வைத்துக்கொண்ட ஏற்பாடு அது. எங்கும் எழுதி வைக்காமல் போய்விட்டீர்களே அத்தா.

பட்டியல் மட்டும் கடைப் பெட்டிக்குள் இருந்தது. சின்னத்தா கையில் அது கிடைத்த வாரம், நாயுடுபுரத்தில் சீசனுக்குத் திறக்கப்போகிற லாட்ஜுக்காரர் கட்டிலும் மேஜையும் கேட்டு வந்தார். இருபத்திரண்டு சாமான் என்று எண்ணத் தெரிந்தது சின்னத்தாவுக்கு. எது எது என்று வாசிக்க நான் வேண்டியிருந்தது.

அம்மா இத்தாவில் இருக்கிறார். நாலு மாதமும் பத்து நாளும் முடிகிற வரை வெளியாட்கள் முன்னால் வர முடியாது. கதவுக்குப் பின்னால் நின்று, "அது அவுக வாக்கு கொடுத்த எடம்" என்றார். சின்னத்தா கோபப்படவில்லை. "மதினி, வாக்கு அண்ணனோட போச்சு. சாமான் நம்மது. நாளைக்கு அந்தம்மா கண்ணை மூடினா, பங்களா சொந்தக்காரன் சாமானை உள்ள வெச்சுப் பூட்டிப்புட்டா, நீங்க போயி கேப்பீகளா?" என்றார். பிறகு சின்னத்தா என்னிடம், "நீ ஒண்ணும் பேச வேணாம்த்தா, வாசிச்சாப் போதும்" என்றார். நான் பேசிவிடுவேன் என்று யாரும் பயப்படுவதில்லை.

புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடந்த காலை. சுமை தூக்க நாலு பேர் வந்தார்கள். துரைசாணி தடியை ஊன்றிக்கொண்டு வாசலுக்கு வந்து முதலில் உங்களைத்தான் தேடினார். "ராவுத்தர் எங்கே?" என்றார்.

"அண்ணனுக்கு ஒடம்புக்கு முடியலைங்க. அவருதான் எங்களை அனுப்பிச்சாரு" என்றார் சின்னத்தா.

அத்தா, அவருக்கு நீங்கள் மவுத்தானது தெரியாது. கால் வீக்கத்தோடு அவர் பஜாருக்கு இறங்கி ஒரு வருஷம் ஆகிறது. சமையற்காரரும் நின்றுவிட்டார். சின்னத்தா ஏன் அப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். செத்துப் போனவர் பேரில் கேட்டால் பேச்சு வளரும். நீங்கள் கேட்டதாகச் சொன்னால் துரைசாணி மறுக்கமாட்டார்.

மறுக்கவில்லை. ஓரமாக ஒதுங்கி வழிவிட்டு, உள்ளே போய் உட்கார்ந்தார். நான் வாசித்தேன். சின்னத்தா குனிந்து சீட்டைப் பார்த்தார். ஆட்கள் தூக்கினார்கள். ஒன்று, இரண்டு, மூன்று. ஆறாவது துரைசாணி உட்கார்ந்திருந்த நாற்காலி. நான் வாய் திறக்கும் முன்பே எழுந்துகொண்டார்.

பத்தாவது கட்டில். ஸ்பிரிங் வைத்த இரும்புக் கட்டில். அதை மட்டும் விட்டுவிடலாம் என்று நினைத்தேன். இருபத்தொன்றோடு இறங்கிவிடலாம், கீழே போய் எண்ணும்போது அடி விழுந்தால் விழட்டும். இவ்வளவு தைரியம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. ஒன்பது வாசித்ததும் மூச்சு விடாமல் பதினொன்று வாசித்தேன்.

துரைசாணி தடியால் தரையைத் தட்டினார். "பொண்ணு, ஒன்பதுக்கு அப்புறம் பதினொண்ணு இல்லை. பத்து இருக்கு. பத்து என் கட்டில். அதை விட்டுட்டே" என்றார். முன்பு என் எழுத்தைத் திருத்தினாரே, அதே குரல்.

சின்னத்தா என்னைப் பார்த்தார். துரைசாணியும் என்னைத்தான் பார்த்தார். சின்னத்தாவிடம் கேட்காமல் என்னிடம் கேட்டார். "ராவுத்தர் கட்டிலையும் எடுக்கச் சொன்னாரா? நீ சொல்லு."

இல்லை என்று ஒரு வார்த்தை, அத்தா. அதைச் சொன்னால் போதும். யார் நேராகப் பார்த்தாலும் என் தலை தானாகக் குனியுமே, உங்களுக்குத் தெரியாதா? அப்போதும் குனிந்தது. அது ஆமாம் என்று ஆகிவிட்டது.

"சரி. அவர் சொன்னால் சரி" என்றார் துரைசாணி. கம்பளியை அவரே உருவி மடித்தார். மெத்தையைச் சுருட்ட முடியாமல் நின்றபோது நான் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன். என் கையை லேசாகத் தட்டிக்கொடுத்தார்.

மேட்டை விட்டு இறங்கும்போது சுமையாட்கள் கேலி பேசிக்கொண்டே வந்தார்கள். "ஏலே, இதுல படுத்தா ஒறக்கத்துல இங்கிலீஸு பேசலாம்டா" என்றார் ஒருவர். "ஒனக்கு முழிச்சிருக்கையிலயே பேச்சு வராது" என்றார் இன்னொருவர். சின்னத்தாகூடச் சிரித்தார். நான் பின்தங்கியே நடந்தேன்.

அம்மாவிடம் சொல்லி அழுதேன். அம்மா என்ன செய்வார்? "அவருகிட்ட நான் என்னத்தச் சொல்ல, அவரு கொண்டாந்து போட்டாத்தானே உலை கொதிக்குது" என்றார். கட்டில் நாயுடுபுரத்துக்குப் போய்விட்டது. பச்சைப் பெயிண்ட் அடித்துவிட்டார்களாம்.

போன வெள்ளிக்கிழமை, சின்னத்தா ஜும்ஆவுக்குப் போன நேரம், விறகு பொறுக்கப் போகும் பக்கத்து வீட்டு ஆமினா மாமியோடு மேட்டுக்குப் போனேன். உண்மையைச் சொல்லிவிட்டு வர வேண்டும் என்றுதான் போனேன். இரண்டு டிரங்குப் பெட்டியைச் சேர்த்துப் போட்டு, அதன் மேல் மெத்தையை விரித்திருந்தார். கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்து, "ராவுத்தருக்கு உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

அவர் தடவித் தடவி ஒரு சின்னப் பாட்டிலை எடுத்தார். யூகலிப்டஸ் தைலம். "மார்பில் தேய்க்கச் சொல்லு. கஷ்டம் இல்லைன்னா கட்டிலைக் கேட்டிருக்க மாட்டார். எனக்கு வருத்தம் இல்லைன்னு சொல்லு" என்றார்.

அதை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் கோபித்திருந்தால், திட்டியிருந்தால், எனக்குப் பேச வந்திருக்குமோ என்னவோ. செத்துப் போனவருக்கு மருந்து கொடுத்தவரிடம் எப்படிச் சொல்வது? நீங்களாக இருந்தால் எப்படி ஆரம்பித்திருப்பீர்கள்?

கட்டிலை என்னால் திருப்பிக் கொண்டுபோக முடியாது. சின்னத்தாவை எதிர்த்துக்கொண்டு இந்த வீட்டில் நாங்கள் இருக்கவும் முடியாது. உங்கள் வாக்கை நான் காப்பாற்றவில்லை. ஆனால் அதை உடைத்தது நீங்கள் இல்லை என்பது அவருக்குத் தெரிய வேண்டும்.

வருகிற வெள்ளிக்கிழமை ஆமினா மாமி வருவதாகச் சொல்லியிருக்கிறார். வராவிட்டாலும் நான் போவேன். "அத்தா இல்லை. அத்தா இருந்திருந்தால் கேட்டிருக்கமாட்டார்." இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. மூன்று நாளாக அடுப்படியில் சொல்லிப் பார்க்கிறேன். இன்று தங்கச்சி உள்ளே வந்து, யாரிடம் பேசுகிறாய் என்று கேட்டாள். அவளுக்குக் கேட்டிருக்கிறது, அத்தா.

தலை குனிந்துதான் சொல்வேன். ஆனால் சொல்லிவிடுவேன்.

உங்கள் மூத்த மகள்,
ரஹ்மத்து