வராத கிளட்ச் பிளேட்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுறது. இங்க நானும் உங்கப்பாவும் உடம்பால சுகம், மனசைப் பத்தி நீ விசாரிக்க வேண்டாம், அதைச் சொல்லத்தான் பேனாவை எடுத்திருக்கேன். நீயும் மருமகளும் குழந்தையும் நல்லா இருக்கணும், எனக்கு எவ்வளவு கோபம் வந்தாலும் அந்த வேண்டுதல்ல மாத்தமில்லை. போன்ல பேசினா நீ நடுவுல அம்மா அம்மான்னு குழைஞ்சே என் வாயை அடைச்சிடுவே, அதான் கடிதம். இதுக்கு நடுவுல நீ பேச முடியாது. உட்கார்ந்து முழுசாப் படி.

வண்டி வீட்டுக்கு வந்தாச்சு. இந்த ஒரு வரியிலயே கடிதத்தை மடிச்சு வைக்கப் பாப்பே, வைக்காதே. உனக்குத் தெரியாதது ஒண்ணும் இல்லைன்னாலும் முதல்ல இருந்தே சொல்றேன், ஏன்னா நீ போட்டோவுல பாத்து முகம் சுளிச்சதோட சரி, அந்த வண்டி எங்களுக்கு என்னன்னு ஒருநாளும் கேட்டதில்லை. உங்கப்பாவுக்கு ஓரப் பார்வை போயிடுச்சு, குழாய் வழியாப் பாக்குற மாதிரி நடுவுல மட்டும்தான் தெரியும்னு டாக்டர் சொன்னப்போ, இனிமே வண்டியைத் தொடக் கூடாதுன்னும் சேத்துச் சொன்னார். ஊர் ஊரா மின்கம்பிப் பழுது பாக்க அந்த மோட்டார் சைக்கிள்லயே ஆயுசைக் கழிச்ச மனுஷன். வித்துடலாமான்னு கேட்டேன், உயிரில்லாத குரல்ல சரின்னார். சண்டை போட்டிருந்தா வித்திருப்பேன், அந்தச் சரியைக் கேட்டுட்டுத்தான் நான் ஓட்டக் கத்துக்கிட்டேன். பஸ் டிப்போவுக்குப் பின்னாடி இருக்கிற காலி மைதானத்துல அவர் ஓரமா நின்னு கத்துவார், நான் இங்கிருந்து கத்துவேன், கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நாங்க அவ்வளவு பேசினது கிடையாது. முழங்கையைச் சிராய்ச்சுக்கிட்டேன், லைசென்ஸ் வாங்கினேன், அவரைப் பின்னாடி உட்கார வெச்சேன்.

ஞாயித்துக்கிழமை காலையில ஏரிக்கரை ரோட்டுல சேர்ற கூட்டத்தைப் பத்தி நீ கேலியா, வயசான காலத்துல ரேஸ் கோஷ்டியான்னு கேட்டே. ஒரு பல் டாக்டர், ஒரு கணக்கு டீச்சர், திரைச்சீலை தைக்கிற ஒருத்தர், இன்னும் நாலஞ்சு பேர், இதுதான் கோஷ்டி. திரைச்சீலைக்காரருக்குப் பேரே சைலன்சர், ஏன்னா அவர் வாய்க்கு அது ஒண்ணுதான் இல்லை. பறக்குறவங்க யாரும் கிடையாது. பாலம் தாண்டி மேட்டுப் பக்கம் போவோம், டீக்கடையில நிறுத்துவோம், என் வண்டிச் செயின் தொங்குது உன் டயர்ல காத்து கம்மின்னு ஒருத்தரை ஒருத்தர் குத்தம் சொல்லிக்குவோம், திரும்பிடுவோம். அதுல என்ன இருக்குன்னு கேப்பே. எதிர்ல முன்னப்பின்ன தெரியாதவன் வண்டியில வந்து, தலையை லேசா ஆட்டிட்டுப் போவான் பாரு, அது இருக்கு. குளிர் காத்துல போயிட்டு நிறுத்தினதும் இன்ஜின் டிக் டிக்குன்னு ஆறும், அதுமேல படாம கையைக் காட்டிச் சூடு காய்வோம், அது இருக்கு. உங்கப்பா பின்னாடி உட்கார்ந்து, இங்க ரொட்டி சுடுறான், இப்போ மரம் அறுக்குற பட்டறை வந்துருச்சு, இதோ தண்ணி வாசனைன்னு மூக்காலயே வழி சொல்லிட்டு வருவார். நான் கியர் மாத்த லேட் பண்ணினா தோள்ல ஒரு தட்டு. கண்ணு போனதுக்கப்புறம் அவர் ஒருத்தருக்கு வழி சொல்றாருன்னா அந்த ஒரு இடத்துலதான்டா.

போன மாசம் மேட்டுல ஏறும்போது கிளட்ச் வழுக்குச்சு. நம்ம மெக்கானிக்கிட்ட விட்டேன், பிளேட் வரணும்னார். அடுத்த வாரம் கேட்டேன், வரலைன்னார். அதுக்கடுத்த வாரம் கம்பெனியிலயே இல்லையாம்னு தரையைப் பாத்துட்டே சொன்னார். நான் நம்பினேன். இங்க உங்கப்பா ஜன்னலோரம் போட்ட நாற்காலியை விட்டு எழுந்திரிக்கலை. ஞாயித்துக்கிழமை காலையில மட்டும் ஷூ மாட்டிப்பார், அப்புறம் அவரே கழட்டி வைப்பார். சவரம் பண்ணிக்கலை. சாப்பாட்டுல உப்பு இல்லைன்னுகூடச் சொல்லலை, நான் வேணும்னே உப்புப் போடாமப் பாத்தேன். இதையெல்லாம் உன்கிட்ட போன்ல சொல்லி அழுதேன் இல்லையா? நீ என்ன கேட்டே? அச்சச்சோ, வண்டி இன்னும் வரலையாம்மான்னு கேட்டே. ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுதாம். எல்லாம் நல்லதுக்குத்தான் விடுங்கன்னும் சொன்னே. அப்பக்கூட எனக்கு உறைக்கலை, பெத்த பிள்ளையாச்சே.

செவ்வாய்க்கிழமை சைலன்சர் தன் வண்டிக்கு ஆயில் மாத்த மெக்கானிக் கடைக்குப் போயிருக்கார். கை துடைக்கத் துணி தேடிட்டுக் கடையோட பின்பக்கம் போனவர், அங்க தார்ப்பாயைத் தூக்கியிருக்கார். அடியில நம்ம வண்டி. கிளட்ச் போட்டு, கழுவி, துடைச்சு, ஓட்டிட்டுப் போக வேண்டியதுதான் பாக்கி. அவர் வாய்தான் உனக்குத் தெரியுமே, அரை மணியில என் வாசல்ல நின்னார். நான் அப்படியே வீட்டுச் செருப்போட நடந்தேன். என்னைப் பாத்ததும் மெக்கானிக் கையில இருந்த ஸ்பேனரைக் கீழ வெச்சுட்டார். ஏன்யா, நான் உனக்கு என்ன கெடுதல் பண்ணினேன்னு கேட்டேன். அக்கா, உங்க பிள்ளைதான் போன் பண்ணுச்சு, வண்டியை வெளிய விடாதே, மீறி விட்டு எங்கம்மாவுக்கு ஏதாவது ஆனா அந்தப் பாவம் உன் தலைமேலதான்னுச்சு, நானும் பிள்ளைகுட்டிக்காரன், வாராவாரம் உங்களைப் பாத்துப் பொய் சொல்லிட்டு ராத்திரி தூங்கலைக்கான்னு அந்த மனுஷன் கிரீஸ் கையாலயே கண்ணைத் துடைச்சுக்கிட்டார். முகமெல்லாம் கறுப்பு. அவரைத் திட்டப் போனவ, என் முந்தானையைக் குடுத்துட்டு நின்னேன்.

உனக்குப் பயம்னா எனக்குப் புரியாதா? நீ அங்க தூரத்துல இருந்துக்கிட்டு, போன் அடிச்சாலே பதறுவேன்னு எனக்குத் தெரியும். அம்மா, பயமா இருக்கு, ஓட்டாதீங்கன்னு நேரா என்கிட்ட சொல்லியிருந்தா ஒரு சண்டை போட்டிருப்பேன், அதுக்கப்புறம் நீயும் நானும் சேந்து ஒரு வழிக்கு வந்திருப்போம். ஹெல்மெட் இல்லாம ஏற மாட்டோம், மழைன்னா கிளம்ப மாட்டோம், லாரியை முந்த மாட்டோம், இன்னும் வேணும்னா நாலு கட்டளை போட்டிருக்கலாம். என்னைக் கேக்கவே வேண்டாம்னு முடிவு பண்ணினே பாரு, அதைத்தான்டா என்னால ஜீரணிக்க முடியலை. கைக்குழந்தைக்கு எட்டாம கத்தரிக்கோலை மேல வைக்கிற மாதிரி என் வண்டியை எடுத்து மேல வெச்சுட்டே. நான் உன்னைப் பெத்தேன், நீ என்னைப் பெக்கலை. ரோட்டுல நான் விழலாம், ஒத்துக்கிறேன். ஆனா அந்த நாற்காலியில உங்கப்பா தினம் தினம் விழுந்துட்டு இருந்தார், அதை நீ கண்ணால பாக்கலை, அவ்வளவுதான்.

அன்னிக்கே வண்டியை எடுத்துட்டு வந்தேன். தெருமுனை திரும்பும்போதே சத்தத்தைக் கேட்டு உங்கப்பா மாடிப்படியில கைப்பிடியைப் பிடிச்சு இறங்கிட்டு இருந்தார், ஒரு கால்ல ஷூ, இன்னொண்ணு கையில. பிளேட் வந்துடுச்சான்னார். வந்துடுச்சுன்னேன். வேற என்ன சொல்லச் சொல்றே? உங்க பிள்ளைதான் ஒளிச்சு வெச்சான்னு அந்த முகத்தைப் பாத்துட்டு எந்த நாக்கால சொல்றது? ஏரிக்கரை வரைக்கும் போயிட்டு வந்தோம், வழி முழுக்க அவர் வாயே மூடலை. வீட்டுக்கு வந்து முகத்துக்குச் சோப்பு போட்டுட்டு, கண்ணாடி முன்னாடி நின்னபடியே என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: பாவம், பையனும் வண்டி வந்துதா வந்துதான்னு வாராவாரம் கேட்டுட்டே இருந்தான், அவனுக்கும் மனசு கஷ்டமா இருந்திருக்கும், இந்த நல்ல சேதியை முதல்ல அவனுக்கு எழுதுன்னார்.

எழுதிட்டேன்.

நீ நூறு வருஷம் நல்லா இருக்கணும், மருமகளுக்கு என் அன்பு, பேத்தி கன்னத்துல எனக்காக ஒரு முத்தம். மறக்காம மெக்கானிக்குக்கு நீயே போன் போட்டு, அவர் தலைமேல ஏத்தின பாவத்தை இறக்கி வை. உங்கப்பாகிட்ட உண்மையைச் சொல்ல வேண்டியதும் நீதான், நான் சொல்ல மாட்டேன், உனக்காகப் பொய்யும் ரொம்ப நாள் சொல்ல மாட்டேன். ஞாயித்துக்கிழமை காலையில கூப்பிடாதே, வீட்டுல இருக்க மாட்டோம்.

கோபம் இன்னும் ஆறாத,
உன் அம்மா